வளைவு வந்து தட்டிய வீடுகள்

நனைந்த துண்டைத் துவைக்கிற கல்லில் ஒரு தரம் அடித்துவிட்டு, அடித்த கை மூச்சு வாங்கிக்கொள்வதுபோல் ஒரு சத்தம் எங்கள் வாசல் கதவில் கேட்டது. தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், என் மகள் செரினுக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன், அவள் வாயைத் திறந்தபடியே கதவைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், மறுபடியும் ஓர் அடி விழுந்தது.

"யாரு?" என்றேன்.

பதில் இல்லை. ஈரமான எதுவோ படியில் உட்கார்ந்து எழுந்த மாதிரி ஒரு சளசளப்பு மட்டும்.

என் வீட்டுக்காரர் தனிஸ்லாஸ் நூல் மில்லில் இரவு ஷிப்ட்டுக்குப் போகிறவர், ஆகையால் இருட்டிய பிறகு இந்த வீட்டின் கதவு என் பொறுப்பு. கான்வென்ட் விடுதியில் சிஸ்டர் பெனிக்னா எங்களுக்குச் செபத்தைவிட அதிகமாகச் சொல்லிக்கொடுத்தது கதவைத்தான்: பதில் சொல்லாத ஆளுக்கு அது கதவில்லை, சுவர் என்று நினைத்துக்கொள், தாழ்ப்பாளைப் போடு, இழுத்துப் பார், அதை நம்பாதே, இன்னொரு தரம் இழுத்துப் பார். அப்படியே செய்தேன். போட்டேன், இழுத்தேன், மறுபடி இழுத்தேன். வெளியே இருந்தது எதுவோ, அது அந்தச் சத்தத்தை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தது.

விடிந்ததும் பார்த்தால் எங்கள் கதவில் மட்டுமல்ல, பொன்மணி கார்டனில் எங்கள் தெரு முழுக்க ஒவ்வொரு கதவிலும் இடுப்பளவு உயரத்தில் ஈரம் பட்டிருந்தது, ஒவ்வொரு கோலத்தின் மேலும் பிறை மாதிரி ஒரு தடம் கிடந்தது, தடத்தில் கொஞ்சம் வண்டலும் ஒரு நத்தையும். நடைபாதைக் காவலுக்கு வைத்திருந்த ரங்கன் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போயிருந்தார். பள்ளம் காப்போர் குழுவின் செயலாளர் சென்னியப்பன் ஐயா, மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து தடத்தை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"நம்ம வளைவுதானுங்க," என்றார். "வேற ஒண்ணுமில்லீங்க."

"அதானே பாத்தேன்," என்றார் மாவுக் கடை துளசிமணி அக்கா. "கெண்டை வாசம் அடிக்குதே."

அவ்வளவுதான். எல்லோரும் வாசல் தெளிக்கப் போய்விட்டார்கள்.

நான் திண்டுக்கல் பக்கத்துப் பெண், எனக்கு அது ஓடை, இந்தக் கோயமுத்தூர்க்காரர்களுக்கு அது பள்ளம். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடுகிற கிளுவைப் பள்ளம், நான் கல்யாணமாகி வருவதற்கு முன்னால், ஓடவில்லை, கிடந்தது. பழைய மெத்தையும் உடைந்த ஹெல்மெட்டும் கோழிக்கடைக் கழிவும் சுமந்துகொண்டு கிடந்தது. அதை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விடியற்காலையில் போய், கையுறை போட்டுக்கொண்டு, முழங்கால் சேற்றில் நின்று, மெத்தையை இழுத்து, சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கி, நீர்மருதும் புங்கனும் நட்டு, கரையோரமாக நடப்பதற்குச் செம்மண் பாதை போட்டு, ஒருவரும் கேட்காமல் ஒருவரும் கூலி தராமல் இந்தத் தெருக்காரர்களே உயிர் கொடுத்து எழுப்பினார்கள். முதல் தடவை தண்ணீர் தெளிந்து அடியில் கூழாங்கல் தெரிந்த அன்றைக்குச் சென்னியப்பன் ஐயா அழுதார் என்று துளசிமணி அக்கா சொல்வார். கண்ணில் சேறு விழுந்தது என்று ஐயா சொல்வார்.

பாதையில் ஒரே ஒரு குறை இருந்தது. பள்ளம் ஓர் இடத்தில் பெரிய பாறையைச் சுற்றிக்கொண்டு எருமை படுத்திருப்பதுபோல் வளையும், அங்கே பாதை முட்டி நின்றுவிடும், நடக்கிறவர்கள் வந்த வழியே திரும்ப வேண்டும். இந்த ஊரில் நடைப்பயிற்சி என்றால் ரவுண்டுதான். எத்தனை ரவுண்டு போனீங்க என்று கேட்பார்கள், எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ரவுண்டு போக முடியாத பாதை என்னங்க பாதை என்று குழுவில் ஆளாளுக்குக் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜேசிபி வைத்து அந்த வளைவை மண் போட்டு மூடி, பள்ளத்தை நேராக வெட்டிக் கல் பதித்து, மூடிய இடத்தில் காவலாளுக்கு ஓர் அறையும் கட்டி, மண்வெட்டி கடப்பாரைகளை உள்ளே அடுக்கி, எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். நானும் செரினை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க் கை தட்டினேன். மூடப்பட்ட வளைவு எங்கே போகும் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை, கேசரி நன்றாக இருந்தது.

அது எங்கே போகும்? தெருவுக்கு வந்தது.

முதலில் கதவைத் திறந்தவர் துளசிமணி அக்காதான். "ஒறம்பரைய வாசல்ல நிக்க வெச்சா நல்லாவா இருக்கும்? உள்ள வா சாமி," என்றாராம், வந்த விருந்தாளியைச் சொல்வதுபோலவே. நான் ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். எருமை அளவு தண்ணீர், சிதறாமல் கொட்டாமல், தன்னைத் தானே கட்டிப் பிடித்துக்கொண்டு, முதுகில் தெருவிளக்கு மினுங்க, வயிற்றுக்குள் கெண்டைக் குஞ்சுகள் திரும்பித் திரும்பி ஓட, படியில் தயங்கி, பிறகு உடம்பைச் சுருக்கிக்கொண்டு நிலையைத் தாண்டி உள்ளே போனது. கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவே வளைந்து படுத்துக்கொண்டதாம். விடியுமுன்னே எழுந்து போய்விட்டதாம். அன்றைக்கு மாவு பொங்கிய பொங்கலைப் பார்த்து அடுத்த தெருவிலிருந்தும் தூக்குவாளியோடு வந்தார்கள்.

அதன் பிறகு முறை வைத்தார்கள், ஒரு வீடு ஒரு ராத்திரி. வாட்ஸப் குழுவில் பேச்சு அதைப் பற்றியே ஓடியது. வளைவுக்கு நல்ல தண்ணி வைப்பதா உப்புத் தண்ணி வைப்பதா என்று ஒருவர் கேட்க, வீட்டுக்கு வந்தவங்களுக்கு உப்புத் தண்ணியா குடுப்பீங்க என்று ஒருவர் சண்டைக்கு வர, அதுவே தண்ணிதானுங்க, அதுக்கு எதுக்குத் தண்ணி என்று சென்னியப்பன் ஐயா முடித்துவைத்தார். பேங்க் மேனேஜர் வீட்டில் பளிங்குத் தரை, பாவம் ராத்திரி முழுக்க வழுக்கிக்கொண்டே இருந்தது என்று அந்த அம்மா மறுநாள் வீடு வீடாகச் சாக்குக் கேட்டு வாங்கி அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுத்தார், அந்தச் சாக்கு அதற்கப்புறம் வளைவோடு சேர்ந்து வீடு வீடாகப் போனது. புதிதாகக் கல்யாணமான ஜோடி வீட்டில் மட்டும், உள்ளே வந்து பார்த்துவிட்டு, தானே புரிந்துகொண்டு கார் ஷெட்டில் படுத்துக்கொண்டதாம். டியூஷன் பிள்ளைகள் அதன் மேல் காகிதக் கப்பல் விட்டார்கள். தரையில் இன்வெர்ட்டர் வைத்திருந்தவர்கள் அந்தப் பெட்டியை மேசைக்கு ஏற்றினார்கள். ஒரு மாதத்துக்குள் தெருவில் ஒருவரும், எப்படி ஒரு பள்ளத்தின் வளைவு எழுந்து வரும் என்று கேட்கவில்லை; உங்க வீட்ல எப்படிப் படுத்துச்சு என்றுதான் கேட்டார்கள்.

நான் மட்டும் திறக்கவில்லை.

போன தீபாவளி சமயத்தில் செரின் குளியலறை வாளிக்குள் தலைகுப்புற விழுந்தாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று திரும்பிவிட்டு வந்தேன், இரண்டு குட்டிக் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. வாளியில் ஒரு சாண் தண்ணீர்தான். இழுத்துத் தட்டி, அவள் இருமி, அழுது, அரை மணி நேரத்தில் பிஸ்கட் கேட்டாள். நான்தான் அந்த வாளியைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லா வாளியும் கவிழ்ந்தே இருக்கும், குடத்துக்கு மூடி, மூடிக்கு மேல் கல். எருமை அளவு தண்ணீரை நடுக்கூடத்தில் படுக்கவைத்துவிட்டு, ஒன்றரை வயசுப் பிள்ளையைப் பக்கத்தில் தூங்கவைத்துக்கொண்டு நான் எப்படிக் கண்ணை மூடுவேன்?

"கொழந்த இருக்கற வீடு, கடசியா வெச்சுக்கலாங்க," என்று துளசிமணி அக்கா எனக்காகப் பேசினார். ஆனாலும் மாவு வாங்கப் போனால் சிரிப்பு காதில் விழும்.

"கான்வென்ட்ல படிச்ச புள்ளைக்கு பாட்டில்ல அடச்சு வந்தாத்தான் அது தண்ணி."

"இல்லீன்னா 'மே ஐ கம் இன்'னு கேக்கோணும். வளைவுக்கு இங்கிலீஷ் வராதாமா!"

தனிஸ்லாஸிடம் சொன்னேன். சட்டைப் பையில் பஞ்சுத் துகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "ஒரு ராத்திரிதானே ஜெனிட்டா, நான் லீவு போட்டுட்டு முழிச்சிருக்கேன்," என்றார். அவர் சாப்பிட்ட தட்டிலேயே தூங்கிவிடுகிற ஆள்.

ஆனால் வளைவு முறைக்காகக் காத்திருக்கவில்லை. எந்த வீட்டுக்குப் போவதானாலும் போகிற வழியில் சாயங்காலம் எங்கள் படியில் நின்று, ஒரே ஒரு தரம் தட்டும். நான் யார் என்று கேட்பேன். அது ஒன்றும் சொல்லாது. நான் தாழ்ப்பாளைப் போடுவேன், இழுப்பேன், மறுபடி இழுப்பேன். அதுவரை நின்று கேட்டுவிட்டுப் போகும். செரின் உள்ளே உட்கார்ந்துகொண்டு கதவைப் பார்த்து, "தண்ணி, டாட்டா," என்பாள்.

இப்படித் தினமும் பயந்துகொண்டே இருந்ததில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது, அதைப் பற்றியே யோசிக்க ஆரம்பித்தேன். இத்தனை வீடு இருக்கிறது, சாக்கு விரிக்கிறார்கள், சாமி என்கிறார்கள், ஏன் ஒரு வீட்டிலும் மறுநாள் தங்க மாட்டேன் என்கிறது? ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் தண்ணீரை விட்டுவிட்டுப் போகிறது, சாக்கு குடிக்கிறது, தரை குடிக்கிறது, மிதியடி குடிக்கிறது. எருமையாக வந்தது பங்குனி பிறந்தபோது கன்றாக இருந்தது, பங்குனி முடியும்போது ஆட்டுக்குட்டியாகிவிட்டது, வயிற்றில் கெண்டைக் குஞ்சுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டன. பள்ளமும் சரியில்லை. நேராக வெட்டிய பிறகு தண்ணீர் எங்கும் நிற்காமல், யாரோ துரத்துகிற மாதிரி ஓடியது, நட்ட மருதங்கன்றுகளின் அடிமண்ணை அரித்துக்கொண்டு ஓடியது, கோடை வருமுன்னே கூழாங்கல் காய்ந்து வெளுத்தது. "நின்னு போறதுக்கு ஒரு எடம் வேணுமல்ல," என்று துளசிமணி அக்கா மாவை அள்ளிக்கொண்டே சொன்னார். சித்திரை வெயிலில் வளைவு ஒரு சொம்பாகி, பிறகு ஈரமாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்குள் ஒரு தரமாவது நம் வீட்டுக்கு மறுபடி வராதா என்றுதான் ஏங்கினார்களே தவிர, வேறு என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் செரினைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டேன். விடியுமுன்னே எங்கே போகும்?

"ரவுண்டு போகும் கண்ணு," என்று சென்னியப்பன் ஐயா பெருமையோடு பாதையைக் காட்டினார். காவல் அறையைச் சுற்றி ஈரத்தடம், வட்டத்தின் மேல் வட்டமாக. "பாத்தீங்களா? நாம போட்ட பாதை, பள்ளமே நடக்குது. இதவிட என்னங்க வேணும் நமக்கு?"

மற்றவர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். சிலர் அந்தத் தடத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு, நம் குழுவின் புதிய உறுப்பினர் என்று எழுதியிருந்தார்கள். ரவுண்டு போகிறவர்களுக்கு, சுற்றுகிற எதுவும் ரவுண்டு போவதாகத்தான் தெரியும். எனக்கு நடைப்பயிற்சிப் பழக்கம் கிடையாது. எனக்குக் கதவுப் பழக்கம்தான் உண்டு. அந்தத் தடம் ஒவ்வொரு சுற்றிலும் அறையின் கதவுக்கு முன்னால் மட்டும் அகலமாக இருந்தது, நின்று பார்த்துவிட்டுப் போனதுபோல. கதவில் பெரிய பூட்டு தொங்கியது.

"ஐயா, முதல் நாள் முதல்ல எந்தக் கதவைத் தட்டுச்சு?"

"அது யாருக்குங்க தெரியும்? ரங்கனுக்குத் தெரியும். அவன்தான் ஓடிட்டானே."

ரங்கன் ஓடிப் போன தூரம் மெயின் ரோட்டுப் பெட்ரோல் பங்க் வரைதான். வண்டிகளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் காற்றுக் குழாயைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அது தட்டலீங்க அம்மிணி. தட்டியிருந்தா நான் யாருன்னு கேட்டிருப்பேன். நம்ம ஊட்டுக் கதவு மழைக்கு ஊறி ஒட்டிக்கிச்சுன்னா தோளக் குடுத்து இடிப்போமல்ல? அப்படி இடிச்சுது. நான் உள்ள தாப்பாளப் போட்டுட்டு, கட்டிலை வெச்சு முட்டுக் குடுத்து, விடிய விடிய முருகா முருகான்னு உக்காந்திருந்தேன்."

"தட்டவேயில்லையா?"

"இல்லீங்க. ரொம்ப நேரம் இடிச்சுது. பொறவு சும்மா சாஞ்சுட்டு நின்னுது. அப்பறமாத்தான் தெருப்பக்கம் போச்சு."

திரும்பி வரும்போது செரின் தோளில் தூங்கிவிட்டாள். எங்கள் கதவைத் தட்டியது, மேனேஜர் கதவைத் தட்டியது, தெருவில் எல்லாக் கதவையும் தட்டியது. அந்த ஒரு கதவை மட்டும் இடித்தது. அடுத்தவர் வீட்டைத்தான் தட்டுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. யாரும் சிரிக்கவில்லை. சென்னியப்பன் ஐயா மட்டும் எழுந்தார், கோபத்தில் இல்லை, பிள்ளையைத் திட்டியதைக் கேட்ட தகப்பன்போல.

"அறையக் குடுத்தா தரைய ஒடைக்கோணும். தரைய ஒடச்சா பள்ளம் திரும்ப வளைஞ்சுக்கும், பாதை போயிரும். ரவுண்டு போயிரும் கண்ணு. மெத்தையெல்லாம் நாங்க இழுத்தமுங்க, நீங்க அப்ப ஊருக்கே வரலீங்க."

"இழுத்தது பாதைக்காகவா, பள்ளத்துக்காகவா?" என்று துளசிமணி அக்கா கேட்டார், ரொம்ப மெதுவாக.

ஐயா சாவியை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். கூட்டம் கலைந்தது. அன்றைக்குத்தான் எங்கள் வீட்டு முறை.

இருட்டியது. தனிஸ்லாஸுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் வாளிகள் கவிழ்ந்திருக்கின்றனவா என்று பார்த்தேன், மறுபடி பார்த்தேன். தட்டுகிற சத்தம் வந்தபோது அது தட்டுவது மாதிரியே இல்லை, ஈரக் கைக்குட்டை விழுவது மாதிரி இருந்தது, படியேறவே அது எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதோ. பின்பக்கம் எங்கேயோ தூரத்தில் இரும்பு கல்லில் விழுகிற சத்தமும் கேட்டது, நான் அதை என் நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"யாரு?" என்றேன். பிறகு, பதில் வராது என்று தெரிந்தும், பதிலில்லாத ஆளுக்கு அது சுவர் என்று தெரிந்தும், செரினைத் துப்பட்டாவால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, தாழ்ப்பாளை நீக்கினேன்.

ஒரு சொம்புதான் இருக்கும். ஆனாலும் வளைந்தே நின்றது, பிறை மாதிரி, ஒரே ஒரு கெண்டைக் குஞ்சை நடுவில் வைத்துக்கொண்டு. நிலையைத் தாண்டி உள்ளே வரப் பார்த்தது.

"இங்க இல்ல," என்றேன். "என் கூட வா."

நான் முன்னால் நடந்தேன், அது பின்னால் வந்தது, செரின் தோளுக்கு மேல் அதைப் பார்த்து, "தண்ணி, வா, வா," என்று கையை ஆட்டிக்கொண்டே வந்தாள். தெருவில் கதவு கதவாகத் திறந்தது, டார்ச் டார்ச்சாக வெளிச்சம் வந்தது, அந்தச் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜர் வீட்டம்மா வந்தார், மாவுக் கையோடு துளசிமணி அக்கா வந்தார், வளைவு சோர்ந்தால் எல்லோரும் நின்றார்கள், அது நகர்ந்தால் நகர்ந்தார்கள். பூட்டை எப்படித் திறக்கப்போகிறோம் என்று எனக்குத் தெரியாது. கையில் கல்லாவது எடுத்திருக்கலாம்.

பாதையில் மண்வெட்டிகள் வரிசையாகக் கிடந்தன. கட்டில் கிடந்தது. பூட்டு கீழே கிடந்தது. அறைக்குள்ளிருந்து சிமெண்ட் தூசியோடு சென்னியப்பன் ஐயா கடப்பாரையை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார், தரையை முழுக்க உடைத்திருந்தார், பள்ளத்தைப் பார்த்த பக்கத்துச் சுவரில் அடிவரிசைக் கற்களையும் பெயர்த்திருந்தார். உள்ளே, மண்ணுக்கு நடுவில், பழைய பாறையின் முதுகு தெரிந்தது. இத்தனை மாதமாகியும் அது காயவில்லை.

"லேட்டாயிருச்சுங்க," என்றார், யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தூசி."

இப்போது நடக்கிறவர்கள் அந்த அறை வரை போய், கதவைத் தொட்டுவிட்டு, வந்த வழியே திரும்புகிறார்கள். சித்திரையில்கூடச் சுவருக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது, மருதங்கன்றுகள் தோள் உயரம் வந்துவிட்டன, எத்தனை தடவை திரும்பினீங்க என்றுதான் இப்போது ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால் அன்றைக்கு எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. அன்றைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் பாதி திறந்திருந்த கதவுக்கு முன்னால் நின்றது, நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அது தட்டவில்லை. கதவின் மேல் தோளைக் கொடுத்துச் சாய்ந்தது, கதவு உள்ளே போனது, அது உள்ளே போனது, கதவு மெதுவாகத் திரும்பி வந்து நிலையில் பொருந்தியது.

செரின் என் காதைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே மண் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது, பாறையை எதுவோ சுற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது, பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ரங்கன் விட்டுப்போன அந்தத் தாழ்ப்பாள் நகர்ந்து விழுந்தது. ஒரு தரம் இழுத்துப் பார்த்தது. என் கைக்குத் தெரிந்த சத்தம் அது. எங்கள் படியில் தினமும் நின்று நின்று, வேறு யாரிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கும்? நான் மூச்சுவிடாமல் காத்திருந்தேன், அதை நம்பாமல், உள்ளேயிருந்து இன்னொரு தரமும் இழுத்துப் பார்த்தது.